சாப்பாடு எங்க போட்டாங்க?

எங்கள் முதல் டூர் முப்பது கிலோமீட்டர். செங்கல்பட்டு ராட்டினக்கிணற்றில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். வண்டி ஒரு குட்டி யானை. முன்னால் டிரைவர் அண்ணனும் பாடகனும். பின்னால் ட்ரம் செட், ஆம்ப் இரண்டு, கிட்டார் இரண்டு, அவற்றுக்கு நடுவே கால் மடக்கி நாங்கள் மூன்று பேர். திருக்கழுக்குன்றத்து வளைவு ஒவ்வொன்றிலும் பேஸ் ட்ரம் என் முழங்காலில் வந்து மோதும். நான்தான் ட்ரம்மர் என்பதால் அதைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை.

2017. எங்கள் நான்கு பேருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. ஈ.சி.ஆரில் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் இருக்கும் ரிசார்ட்டுகளில் வார இறுதிகளில் வாசித்தோம். பேசிய தொகை ஆறாயிரம். வண்டிக்கு ஆயிரத்து எண்ணூறு போனால் மிச்சம் நாலாயிரத்து இருநூறு, ஆளுக்கு ஆயிரத்து ஐம்பது. கம்பி அறுந்தால் அதிலும் கழியும். நீச்சல் குளத்து ஓரத்தில் மேடை போடுவார்கள். நாங்கள் டீப் பர்ப்பிளும் லெட் செப்பிலினும் வாசிப்போம். அரை மணி நேரத்தில் யாராவது எழுந்து வந்து, "தம்பி, தமிழ்ல ஏதாவது குத்து?" என்பார்கள். அதையும் வாசிப்போம்.

ராக் இசைக்காரர்களின் வாழ்க்கைக் கதைகளில் இந்தக் காலம் எப்போதும் பொன்னான காலம். 1960இல் ஹாம்பர்க் போன பீட்டில்ஸ், பாம்பி கினோ என்கிற சினிமாக் கொட்டகையின் திரைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் படுத்துக் கிடந்தார்கள். இரவெல்லாம் வாசித்தார்கள். அங்கேதான் ஒரு பேண்ட் ஆனார்கள் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். எங்கள் லீட் கிட்டார்காரனுக்கு இந்தக் கதை மனப்பாடம். ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அலுமினிய டப்பாவில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிடும்போதெல்லாம், "மச்சி, இதான்டா நம்ம ஹாம்பர்க்" என்பான். சிரிப்போம். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

எத்தனை மணிக்கு வீட்டுக்குத் திரும்பினாலும் அப்பா விழித்திருப்பார். பஸ் டிப்போவில் மெக்கானிக். விடிகாலையில் ஷிஃப்ட் இருந்தாலும் விழித்திருப்பார். எப்படி வாசித்தாய், எவ்வளவு கொடுத்தார்கள் என்றெல்லாம் கேட்டதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று.

"சாப்பாடு எங்க போட்டாங்க?"

"அங்கதான்பா."

"அங்கன்னா எங்க?"

"பின்னாடி. கிச்சன் பக்கத்துல."

ம்ம் என்பார். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். பிள்ளை சாப்பிட்டானா என்கிற கவலை என்று நினைத்தேன். 'சாப்பிட்டியா' என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

*

நான் மறைத்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பேண்டில் நால்வரும் ஒரே கல்லூரி. என் கை வேகம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கே கற்றாய் என்றால், "யூட்யூப்" என்பேன். பாதி உண்மை. மீதிப் பாதி தாத்தா. திருக்கழுக்குன்றம் பக்கத்து கிராமம் ஒன்றில் அவர் பறையடிப்பவர். எனக்கு ஆறு வயதிருக்கும்போது, கோடை விடுமுறையில், திண்ணையில் உட்காரவைத்து என் தொடையில் தாளம் தட்டிக் காட்டியிருக்கிறார். ஒரு கையில் அடிக்குச்சி கனமாக விழும், இன்னொரு கையில் நீளமான சிண்டுக்குச்சி பேசிக்கொண்டே இருக்கும். ட்ரம் செட்டில் உட்கார்ந்த முதல் நாளே என் இடது கை தனியாகப் பேசியதற்குக் காரணம் அந்தத் திண்ணை.

இதை ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் எங்கள் பசங்கள் ஒன்றும் தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் சொன்ன பிறகு வருகிற அந்த ஒரு நொடி மௌனம் இருக்கிறதே, பள்ளியில் அதைப் பார்த்திருக்கிறேன். ஸ்காலர்ஷிப் பாரம் கொடுக்கும்போது பெயர் கூப்பிடுவார்கள். எழுந்து போய் வாங்கி வந்து உட்காரும்வரை வகுப்பே கொஞ்சம் அமைதியாகிவிடும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்த அமைதி வேண்டாம் என்றுதான் ராக் பக்கமே வந்தேன். ஆங்கிலப் பாட்டுக்கு ஊர் கிடையாது, தெரு கிடையாது என்று நம்பினேன்.

*

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இலவச நிகழ்ச்சி ஒன்று இருப்பதாக எங்கள் பாடகன் சொன்னான். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய புது பேண்டின் முதல் மேடை. டென்மாவை எங்களுக்கு முன்பே தெரியும், அதாவது கபேர் வாசுகியோடு சேர்ந்து அவர் நடத்திய 'குரங்கன்' பேண்ட் வழியாக. தமிழில் ராக் எழுத முடியும் என்று நாங்கள் நம்பக் காரணமானவர்களில் அவர்களும் உண்டு. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி சேத்துப்பட்டில் இறங்கிப் போனோம்.

மைதானம் நிறைந்திருந்தது. நாங்கள் வாசிக்கிற ரிசார்ட்டுக் கூட்டம் இல்லை இது. கைக்குழந்தையோடு பெண்கள் வந்திருந்தார்கள், வேட்டி கட்டிய பெரியவர்கள், சட்டக் கல்லூரிப் பசங்கள். மேடையில் பத்தொன்பது பேர், கோட்டு சூட்டில். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், எலக்ட்ரிக் கிட்டார், ட்ரம் செட். அந்த ட்ரம் செட்டுக்குப் பக்கத்திலேயே பறை, சட்டி, கட்ட மோளம்.

தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பற்றி இன்று நிறைய எழுதியாயிற்று. அந்தப் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முன்வைத்த 'சாதியில்லாத் தமிழர்' என்கிற எண்ணத்திலிருந்து வந்தது, இசைவாணி அந்தப் பத்தொன்பது பேரில் ஒரே பெண், அரக்கோணத்து அறிவு அப்போது யாருக்கும் தெரியாத பையன் - இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். ஒரு ட்ரம்மரின் கண்ணுக்கு முதலில் படுவது மைக்குகள்தான். எந்தக் கருவிக்கு எத்தனை மைக், எவ்வளவு உயரத்தில், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அன்றைக்குக் கட்ட மோளத்துக்குத் தனி மைக் இருந்தது. சட்டிக்கும் இருந்தது. அதுவரை நான் பார்த்த 'ஃப்யூஷன்' மேடைகளில் நாட்டுப்புறக் கருவி ஓரமாக நிற்கும். நடுவில் இரண்டு நிமிடம் அதற்கு விடுவார்கள், கூட்டம் கைதட்டும், பிறகு கிட்டார் தொடரும். இங்கே கிட்டார்தான் மோளத்தின் நடைக்குள் வந்து உட்கார்ந்தது.

பாட்டுகள் சாதியைப் பற்றி, இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி. என் வீட்டில் சாப்பிடுவது, நான் டிபனில் கொண்டுபோகாதது, மேடையில் ஸ்பீக்கர் வழியாகப் பாட்டாக வந்தது. நான் ஆடவில்லை. பக்கத்தில் ஆடினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு மோளக்காரரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது கடைசி ரயில். தாம்பரத்தில் பெட்டி காலியானது. நாங்கள் நால்வரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வண்டலூர் தாண்டும்போது சொன்னேன்.

"என் தாத்தா பறையடிக்கிறவரு."

நான் பயந்த அந்த ஒரு நொடி வந்தது. போனது. லீட் கிட்டார்காரன், "டேய், இத்தினி நாளா சொல்லவேயில்ல" என்றான். பிறகு, "வீட்ல இருக்கா அது? எடுத்துட்டு வாடா" என்றான். அவ்வளவு சுலபமாக இருந்தது அவனுக்கு. சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

*

பறை வீட்டில்தான் இருந்தது. தாத்தா இறந்த பிறகு ஆயா அதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தார். இறக்குவதற்கு ஏணி போட்டபோது அப்பா வந்தார்.

"எதுக்கு?"

சொன்னேன். கீழ்ப்பாக்கத்தைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்ன கதையை இருபத்திரண்டு வருடங்களில் முதல்முறையாகக் கேட்டேன்.

ஊரில் யார் செத்தாலும் நைனாவுக்கு ஆள் வரும். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. பறையைக் காய்ச்ச வைக்கோல் தூக்கிக்கொண்டு பத்து வயதிலிருந்து அப்பாவும் கூடப் போவார். பிணம் எடுக்கும்வரை அடிக்க வேண்டும். சாப்பாடு மாட்டுக் கொட்டகைப் பக்கம். மழை பெய்தாலும் அங்கேதான். 1987இல் தெருப் பையன்கள் சேர்ந்து இனி யார் சாவுக்கும் அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்கு அடி விழுந்தது. வேலை கொடுக்கவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் நடந்த கதைதான். அப்பா செங்கல்பட்டுக்கு வந்தது வேலை தேடி என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அடிக்க மாட்டேன்னு சொல்லி அடி வாங்கினவன் நான். நீ காசு குடுத்துப் பாக்க வர்றவன் முன்னாடி போய் அதையே அடிக்கப் போறியா?"

என்னிடம் பதில் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. பறையைச் சாவு வீட்டிலிருந்து மீட்டுத் தன்மானத்தோடு அடிக்கக் கற்றுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மணிமாறனின் புத்தர் கலைக்குழு இருக்கிறது. திண்டுக்கல்லில் பெண்களே அடிக்கும் சக்தி கலைக்குழு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் யாரும் சாகவில்லை, யாரும் ஆள் அனுப்பவில்லை, வேண்டாம் என்றால் நிறுத்திவிட்டுப் போகலாம். ஆனால் அப்பாவின் கேள்வியும் அதே பக்கத்திலிருந்துதான் வருகிறது. விட்டுவிடுவதும் விடுதலை, எடுத்துக்கொள்வதும் விடுதலை என்றால், எந்த விடுதலையை நான் இன்னொன்றின் முன்னால் வைப்பது?

அன்று அவர் காரணையைப் பற்றியும் சொன்னார். நாங்கள் குட்டி யானையில் போகும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்து ஊர். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாததுதான் அவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்றார். அதன் விளைவாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலம். பத்து வருடத்துக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் தங்கள் மக்களுக்குள்தான் விற்கலாம் என்கிற நிபந்தனையோடு கொடுத்த நிலம். நூறு வருடத்தில் அது எப்படியெப்படியோ கைமாறிப்போயிருந்தது. காரணையில் அதை மீட்கப் போராடினார்கள், அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அப்பா அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

"எடுத்துட்டுப் போ" என்றார் கடைசியில். "வேணாம்னு சொல்ல எனக்கு என்ன இருக்கு. ஆனா சாப்பாடு எங்க போடறாங்கன்னு பாத்துக்கோ."

அப்போதுதான் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது.

*

பறை கடற்கரைக்கான கருவி இல்லை. ட்ரம் செட்டின் முகம் பிளாஸ்டிக். மழையோ பனியோ அதற்குக் கவலையில்லை. பறையின் முகம் தோல். கடல் காற்றில் ஈரம் ஏற ஏறத் தோல் தொய்ந்துபோகும், அடித்தால் நனைந்த அட்டையைத் தட்டின மாதிரி 'பொத்' என்று கேட்கும். தீயில் காட்டிக் காய்ச்சினால்தான் இழுத்துக்கொண்டு கணீரென்று பேசும். ஒரு மணி நேரத்தில் மறுபடி தொய்யும். மறுபடி தீ. வாசிக்கிறவன் பக்கத்தில் எப்போதும் நெருப்பு இருக்க வேண்டும்.

2018 மே மாதம். ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட், ஏதோ கம்பெனியின் குடும்ப விழா. எங்களுக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய தொகை, பதினைந்தாயிரம். இரண்டு பாட்டில் பறை வைத்திருந்தோம். ஒன்றை நானே மெட்டமைத்தேன். ஒரு மாதம் மொட்டை மாடியில் பழகியிருந்தோம். சவுண்ட் செக் முடிந்து, கொஞ்சம் தீ மூட்டிக்கொள்ளலாமா என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் கேட்டேன்.

"தீயெல்லாம் கூடாது தம்பி. என்னது அது?"

"பறை சார்."

அவர் கத்தவில்லை. முகம் கூடச் சுளிக்கவில்லை. தோளில் கை போட்டுத்தான் சொன்னார். "சாவு மோளம்தானே தம்பி. ஃபேமிலியா வந்திருக்காங்க, குழந்தைங்கல்லாம் இருக்கு. இன்னிக்கு வேணாமே."

லீட் கிட்டார்காரன் தோளிலிருந்த பட்டையைக் கழற்றிவிட்டான். "அப்ப நாங்க வாசிக்கல சார். டேய், வயர சுத்துங்கடா" என்றான். மற்ற இருவரும் நகர ஆரம்பித்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னது இதுதான்: "பரவால்ல சார். வண்டியிலயே வச்சுடறோம்."

இதற்குக் காரணம் பல முறை யோசித்திருக்கிறேன். பதினைந்தாயிரம் ஒரு காரணம். கூட்டத்துக்கு முன்னால் என் பெயரில் ஒரு சண்டை நடப்பதன் கூச்சம் இன்னொன்று. இன்னொன்றும் உண்டு. என் அவமானத்துக்காக அவன் அத்தனை சீக்கிரம் கோபப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கிளம்பிப் போனால் அது அவன் வாழ்க்கைக் கதையில் ஒரு நல்ல அத்தியாயம். எனக்கு அப்படி இல்லை. எதுவானாலும், சொன்னது நான். அடிக்க மாட்டேன் என்று சொல்ல என் அப்பா ஊரையே விட்டார். அடிக்கக் கூடாது என்று சொன்னவரிடம் நான் சரி சார் என்றேன்.

குட்டி யானையில் ஏறிப் பறையைத் துணியில் சுற்றி வைத்தேன். முன் சீட்டில் டிரைவர் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் வாசித்தோம். நன்றாகவே வாசித்தோம். ஜெனரேட்டர் பக்கத்தில் சாப்பிட்டோம். அன்றைக்கு யாரும் ஹாம்பர்க் என்று சொல்லவில்லை.

திரைக்குப் பின்னால் தூங்குவதும் பின்வாசலில் சாப்பிடுவதும் எல்லா பேண்டுகளுக்கும் நடப்பதுதான். ஆனால் அமெரிக்காவில் கறுப்பின இசைக்காரர்கள் டூர் போனபோது, எந்த ஊரில் எந்த விடுதி அறை கொடுக்கும், எந்த ஓட்டல் சோறு போடும் என்று சொல்ல ஒரு புத்தகமே தேவைப்பட்டது. நியூயார்க்கில் வாழ்ந்த தபால்காரரான விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இலிருந்து அதை வெளியிட்டார். கிரீன் புக் என்றார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் நாலு பேருக்கு அந்தக் கஷ்டம் ஒரு பருவம். அது முடியும், பிறகு கதையாகும். இன்னொருவனுக்கு அது அவன் பாட்டனிடமிருந்தே வருகிறது. ஒரே ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஃப்ரைட் ரைஸைச் சாப்பிட்டாலும் நானும் என் நண்பனும் ஒரே இடத்தில் உட்காரவில்லை.

இரவு ஒரு மணிக்கு அப்பா கேட்டார்.

"சாப்பாடு எங்க போட்டாங்க?"

"உள்ளதான்பா" என்றேன். முதல் பொய்.

அவர் பறையை வாங்கினார். துணியை விலக்கி விரலால் தோலை ஒருமுறை தட்டினார். பொத் என்றது.

"காய்ச்சவே இல்லியா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவரே ஏணி போட்டுப் பரணில் வைத்தார்.

*

எங்கள் பேண்ட் 2019இல் நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. வேலை கிடைத்தது, ஆளுக்கொரு ஊர். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்காரர்கள் மேலே போனார்கள். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்க ஒலித்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்தது, நாங்கள் குட்டி யானையில் போன அதே பூஞ்சேரிக்கு. சென்னையில் நடந்த அதன் தொடக்க விழாவில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது, அந்தப் பாட்டில் தன் உழைப்பு என்ன என்று அவர் எழுதினார், வாதங்கள் நடந்தன. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. நிலமில்லாமல் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தன் பாட்டியின் கதையிலிருந்து அந்தப் பாட்டை எடுத்தவர் இல்லாமல் அது ஒலித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பக்கத்தில் அப்பாவும் இருந்தார். "அந்தப் பையன் எங்க?" என்றார்.

அதன்பிறகுதான் மறுபடி பறையை இறக்கினேன். இப்போது மறைமலை நகரில் வேலை. உடன் வேலை செய்கிற இருவர், தெருப் பையன்கள் மூவர் என ஆறு பேர் சேர்ந்து வாசிக்கிறோம். வருடத்துக்கு ஏழெட்டு நிகழ்ச்சி. பேசும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன். தீ மூட்ட இடம் வேண்டும், எல்லோரும் சாப்பிடுகிற இடத்தில்தான் நாங்களும் சாப்பிடுவோம். சிலர் சரி என்பார்கள். சிலர் பிறகு ஃபோன் எடுக்க மாட்டார்கள்.

போன மாதம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு நிகழ்ச்சி. கிளம்புவதற்கு முன் மொட்டை மாடியில் தென்னை மட்டையைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அப்பா துணி எடுக்க வந்தவர் மாதிரி வந்தார். அவர் இன்றுவரை அதை அடித்ததில்லை. இனியும் அடிக்க மாட்டார். நான் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

"இடப்பக்கம் ஏறல. இன்னும் கொஞ்சம் காட்டு" என்றார். துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

இரவு திரும்பினோம். விழித்திருந்தார்.

"சாப்பாடு எங்க போட்டாங்க?"

இந்தமுறை பொய் தேவையில்லை. "உள்ளதான்பா. டேபிள் போட்டு, எல சாப்பாடு. எல்லாரோடயும் உக்காந்துதான் சாப்ட்டோம்."

"எல்லாரும்?"

"ஆமாம்பா. ஆறு பேரும்."

"வண்டிக்காரர்?"

வாய் திறந்தேன். குட்டி யானை வெளியே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் கயிற்றை அவிழ்த்து ட்ரம்மை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் எங்கே சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.